விழுந்த நேரம், வந்து சேர்ந்த நேரம்: மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை

முதல் நாள். 2025 மார்ச் 2, ஞாயிறு

கொழும்புக் கோட்டையில் உதயதேவி ரயில் புறப்படும் முன்பே பக்கத்துச் சீட்டு அம்மா கேட்டுவிட்டார்: "பையில என்ன புள்ள, சோதனைப் பேப்பரா?"

ஒரு வகையில் அப்படித்தான். 400 படிவங்கள், மழைக்குப் பயந்து இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி வைத்திருக்கிறேன். நான் கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை மருத்துவர். அந்த வேலை முடிந்த பிறகு, பல நாட்களில் முடியாமலே, செய்கிற இன்னொரு வேலைதான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றவுடன் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் நினைவுக்கு வருகிறதா? மன்னிக்கவும். என்னுடைய கருவிகள் ஒரு ஸ்டேப்ளர், ஓர் எக்செல் கோப்பு, இரவு பதினொரு மணிக்கு மேல் மிஞ்சுகிற மூளை. பெரிய சஞ்சிகை ஒன்றில் கட்டுரை வெளியிட அவர்கள் கேட்கிற டொலரை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் என் பல மாதச் சம்பளம். அதனால் நாங்கள் தள்ளுபடி கேட்டு எழுதும் கடிதங்களில் மட்டும் நல்ல இலக்கியத் தரம் இருக்கும்.

படிவம் ஒரு பக்கம்தான். நான்கு நேரங்களைக் கேட்கிறது. ஆள் விழுந்த நேரம், அல்லது பாம்பு கடித்த, நெஞ்சு வலி தொடங்கிய நேரம். உதவிக்குக் கூப்பிட்ட நேரம். வைத்தியசாலை வாசலைத் தாண்டிய நேரம். முதல் மருந்து ஏறிய நேரம். வாசலுக்குள் வந்த பிறகு நடப்பதைப் பற்றி உலகம் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே, விழுவதற்கும் கூப்பிடுவதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எங்கள் பக்கத்தில் எழுதி வைத்தவர்கள் குறைவு. அந்த இடைவெளியைத் தேடித்தான் ஐந்து நாள் லீவில் ஊருக்கு வருகிறேன். லீவில் வேலை செய்வதற்கும் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வேண்டும், அதற்கு ஏழு மாதம் ஆயிற்று என்பது தனிக்கதை.

ஹபரணைக் காட்டுப் பக்கம் ரயில் ஊர்ந்துதான் போனது. பத்து நாளைக்கு முன்னர்தான் இந்தப் பாதையில் போன மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. பெட்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். காடு மட்டும் இருந்தது.

புனானை தாண்டும்போது சிக்னல் வந்தது. சிக்னலோடு ஒரு செய்தியும் வந்தது. கல்முனைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் எங்கள் படிவங்களை நிரப்பித் தருகிற இளம் டொக்டர். "மெடம், ரெஃபரன்ஸ் கடிதம் ஒண்டு வேணும். அவுஸ்திரேலியாக்கு. அவசரம் இல்ல, இந்தக் கிழமைக்குள்ள தந்தாப் போதும்."

போனைத் திருப்பி மடியில் வைத்துவிட்டேன். அவர் நிரப்புகிற படிவங்களில் ஒரு கட்டம் கூட வெறுமையாக இருக்காது. அவர் போனால் என் ஆராய்ச்சியின் ஒரு கால் போய்விடும்.

கல்லடியில் பெரியம்மா வீடு. புட்டு, கணவாய்க் கறி, எருமைத் தயிர். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தேன். போனுக்கு மேலே பெரிய எழுத்தில் இலக்கங்கள் எழுதி ஒட்டியிருக்கிறார்: கொழும்பில் மகன், கனடாவில் மகள், பக்கத்து வீடு, ஓட்டோக்காரர், பொலிஸ் 119. அம்புலன்ஸ் இலக்கம் இல்லை.

"பெரியம்மா, 1990 எழுதல்லையே?"

"அந்த நம்பர் எனக்கு வேணாம் புள்ள."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் இந்திய அரசின் பணத்தில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. இலவசம். தொடங்கியபோது இந்தியா உளவு பார்க்க வருகிறது என்று கூச்சல் போட்டவர்களும் உண்டு. இலக்கத்தை முடிவு செய்த அறையில் கிழக்கு மாகாணத்துக்காரர் ஒருவராவது இருந்திருப்பாரா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் சுடப்பட்டவர்கள். செப்டெம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் ஏற்றிப் போய்த் திரும்பி வராதவர்கள். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான் படுகொலை. தமிழரோ முஸ்லிமோ, இந்தக் கரையில் ஐம்பது வயது தாண்டிய யாரிடமும் அந்த நான்கு இலக்கங்களைச் சொல்லிப் பாருங்கள். அம்புலன்ஸ் அவர்களுக்கு இரண்டாவதாகத்தான் ஞாபகம் வரும். பெரியப்பாவின் தம்பி வந்தாறுமூலையில் ஏற்றப்பட்டவர். பெரியம்மாவுக்கு இன்றும் அது ஒரு வருடம்தான், தொலைபேசி இலக்கம் அல்ல.

இரண்டாம் நாள். மார்ச் 3, திங்கள்

பெரியம்மா வீட்டுக்கு வழக்கமாக வருகிற ஓட்டோ அண்ணன்தான் இன்று சாரதி. காலையில் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போனோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, மேற்கே, படுகிற பக்கம் படுவான்கரை. ஆஸ்பத்திரி, பெரிய கடைகள், கந்தோர்கள் பெரும்பாலும் எழுவானில். வயல் படுவானில். பாம்பும் படுவானில். ஜப்பான் உதவியில் 2014இல் இந்தப் பாலம் திறக்கும் வரை இந்த இடத்தில் மிதவைதான் ஓடியது. அதற்கு எங்கள் ஊர்ப் பெயர் 'பாதை'. பாதை கரையில் இல்லாவிட்டால் நோயாளி காத்திருக்க வேண்டும். பாலம் கட்டும் பொறியியலாளர்களை நான் என் துறையின் மூத்த சகாக்களாகத்தான் நினைக்கிறேன். ஒரு பாலம் வாசலைத் தாண்டும் நேரத்தைக் குறைக்கிற அளவுக்கு எந்த மருந்தும் குறைக்காது.

அறுவடைக் காலம். கொக்கட்டிச்சோலை தாண்டியதும் வீதியின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. ஓட்டோ அண்ணனிடம் அரசியல் கேட்க வேண்டிய தேவையே இல்லை, அவரே தொடங்கிவிட்டார். போன நவம்பர் பொதுத் தேர்தலில் நாடு முழுக்கத் திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்தி வென்றபோது மட்டக்களப்பு மாவட்டம் மட்டும்தான் வேறு பக்கம் போனது, வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம். அதில் அவருக்குப் பெருமையும் இருக்கிறது, சலிப்பும் இருக்கிறது.

"வீட்டுக்குத்தான் புள்ள போட்டம். ஆனா வீட்டுல ஆள் எங்க இருக்கு? மூத்தவன் கட்டார், இளையவன் சவூதி, மருமகள் குவைத். நானும் மனிசியும் நாயும்."

வெல்லாவெளி வழியாக மண்டூர் போய்ச் சேர்ந்து, கந்தசுவாமி கோயில் வீதியில் தேத்தண்ணி குடித்துவிட்டு, பாதையில் குருமண்வெளிக்குக் கடந்தோம். இங்கே இன்னும் பாலம் இல்லை. பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஓட்டோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு மூட்டை வெண்டிக்காய். வெயில் இறங்கும் நேரத்தில் வாவியில் இருந்து வருகிற காற்று வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் என் கண் மணிக்கூட்டில்தான் இருந்தது. தொழில் நோய்.

இனி, இன்று நான் எழுத வேண்டியது.

இரவு ஏழரை மணிக்கு எழுவான்கரையில் ஒரு வைத்தியசாலையின் ஈ.டி.யூ.வில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) படிவக் கட்டைக் கொடுக்கப் போனேன். (நோயாளியின் அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.) அங்கே கட்டிலில் ஓர் அம்மம்மா. வலது கணுக்காலுக்கு மேல் இரண்டு புள்ளி, சுற்றி வீக்கம். பக்கத்தில் பத்துப் பதினொரு வயதுப் பேத்தி. மேசையில் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடிக் குழாய்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புடையன் (கண்ணாடி விரியன்) கடித்து விஷம் ஏறினால் இரத்தம் உறையாது. விஷம் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எங்களிடம் இருக்கிற மிக நல்ல சோதனைக்கு மின்சாரம் கூடத் தேவையில்லை. புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம். பிளாஸ்டிக் குழாய் சரிவராது, சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயும் சரிவராது. இருபது நிமிடம் அதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. இருபதாவது நிமிடம் ஒரு தரம் சரித்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் ஜெலி போல ஒட்டிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் தண்ணீர் போல ஓடும்.

நான் போனபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பேத்தியின் கையில் போன், போனில் வட்ஸ்அப் வீடியோ, வீடியோவில் குவைத்தில் ஒரு சமையலறை. அம்மா. அங்கே நோன்பு திறக்க இன்னும் முக்கால் மணித்தியாலம்தான். ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுக்கு ஒரு வருடத்திலேயே பொல்லாத முக்கால் மணித்தியாலம் அதுதான். போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டுக் கையால் வேலை செய்துகொண்டே, "அம்மாட முகத்தக் காட்டு, அம்மாட முகத்தக் காட்டு" என்கிறார். பிள்ளை அம்மம்மாவின் முகத்தைக் காட்டிவிட்டுக் குழாயையும் காட்டியது.

இருபதாவது நிமிடம் ஹவுஸ் ஒஃபிசர் டொக்டர் குழாயைச் சரித்தார். ஓடியது.

குவைத்தில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது, சொல்லவே பெருமையாக இருந்தது. முதலில் தோலுக்குக் கீழே கொஞ்சம் அட்ரினலின். மருந்து ஒவ்வாமையைக் குறைக்க அது உதவும் என்று பெரிய அளவில் நிரூபித்ததே இலங்கையில் நடந்த ஆய்வுதான், 2011இல் வெளிவந்தது. பிறகு பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து. தூளாகத்தான் வரும், கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும். தாதி மிஸ் ஒவ்வொரு குப்பியையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, ரொட்டி மா உருட்டுவது போல மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தார். பத்துக் குப்பி. அந்த மருந்து இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விஷத்தில் செய்யப்படுவது. எங்கள் புடையனுக்கு ஓரளவு வேலை செய்யும். கோப்பி விரியனுக்குச் செய்யாது. பாம்புக்கும் நாட்டு எல்லை இருக்கிறது, என்ன செய்ய. வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது என்று தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்ட நாடு இது. இன்னும் சொந்தப் பாம்புக்குச் சொந்த மருந்து சந்தைக்கு வரவில்லை.

ஹவுஸ் ஒஃபிசர் என் படிவத்தை எடுத்தார். கடித்த நேரம்: மாலை 5.40. அடுத்த கட்டத்தில் பேனை நின்றது.

"மெடம், 'உதவிக்குக் கூப்பிட்ட நேரம்' எண்டு எதை எழுதுற?"

நடந்தது இதுதான். 5.45க்குப் பிள்ளை குவைத்துக்கு அம்மாவை அழைத்திருக்கிறது. அம்மா எடுக்கவில்லை, சமையலில் நின்றிருக்கிறார். 6.10க்குப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்தார். 6.15க்கு அவர் டோஹாவில் இருக்கிற தம்பியை எடுத்தார். தம்பி ஊரில் இருக்கிற கூட்டாளியை எடுத்தார். கூட்டாளி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு 6.35க்குத்தான் 1990ஐ அழைத்தார். பக்கத்து வீடு கூப்பிடு தூரம்தான். ஆனால் பூட்டிக் கிடக்கிறது, அவர்களும் வெளிநாடு.

ஐம்பத்தைந்து நிமிடம். அந்த அழைப்பு வளைகுடாவில் இரண்டு நாடுகளைச் சுற்றிவிட்டு நான்கு வீடு தள்ளி வந்து இறங்கியிருக்கிறது. என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம். ஒரு சென்ரிமீற்றர் அகலம்.

5.45 என்று எழுதச் சொன்னேன். பிறகு 6.35 என்று மாற்றச் சொன்னேன். பிறகு இரண்டையும் எழுதிவிட்டு விடச் சொன்னேன்.

மூன்றாம் நாள். மார்ச் 4, செவ்வாய்

அம்மம்மாவின் இரத்தம் காலையில் உறைந்துவிட்டதாகச் செய்தி. நல்லது.

நேற்று நான் போட்ட பதிவைப் படித்துவிட்டு ஒருவர் எழுதியிருந்தார்: பெண்களை வெளிநாட்டுக்கு விடுவதால்தான் இந்த நிலை, தடை செய்ய வேண்டும் என்று. தடை செய்தும் பார்த்தார்கள், ஐயா. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்றார்கள். தகப்பனுக்கு அப்படி ஒரு கேள்வியே இல்லை. கடனும் பசியும் அறிக்கை வாசிப்பதில்லை, ஆகவே சுற்றுலா விசாவில் போனார்கள். முன்பு பதிவில் இருந்தவர்கள் பதிவில் இல்லாமல் போனார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு வளவு மகளுக்குத்தான் எழுதுவார்கள், மருமகன்தான் வந்து சேர்வார். தாயும் மகளும் ஒரே வளவில், சித்தி பெரியம்மா வேலிக்கு அப்பால். ஒருத்தி விழுந்தால் மூன்று பேர் ஓடி வருகிற அமைப்பு அது. மட்டக்களப்பின் பழைய அவசர சேவை அதுதான். ஆண் வெளிநாடு போனால் அது தாங்கும். மகள் போனால் நடுத்தூண் போய்விடுகிறது. இதைச் சொன்னால் பெண்ணைக் குற்றம் சொல்வதாக எடுக்கிறார்கள். நான் சொல்வது, அந்தத் தூண் இல்லாத இடத்தில் அரசாங்கம் எதை நட்டது என்பதைத்தான்.

சரி, பயணம். காத்தான்குடியில் பகலில் தேத்தண்ணிக் கடைகள் மூடியிருந்தன, ரமழான். பேரீச்சை மரம் நட்ட வீதியில் வெயில் மட்டும் திறந்திருந்தது. அங்கிருந்து பஸ்ஸில் கல்முனை. கல்முனையில் ஆதார வைத்தியசாலை இரண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓட்டோவில் சில நிமிடம். ஏன் இரண்டு என்று கேட்கும் வெளியூர்க்காரருக்கு இந்த ஊரின் முப்பது வருட அரசியலைச் சொல்ல வேண்டும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத் தகராறு இன்னும் முடியவில்லை. ஆனால் ஈ.டி.யூ. வாசலில் நின்று பாருங்கள். தமிழ் ஓட்டோக்காரர் முஸ்லிம் பொடியனைத் தூக்கிக்கொண்டு கிட்ட இருக்கிற வாசலுக்குத்தான் ஓடுகிறார். எந்த வாசல் யாருடையது என்ற கேள்வி ஆள் பிழைத்த பிறகுதான் வருகிறது.

மாலையில் அந்த இளம் டொக்டர் சம்மாந்துறையில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நோன்பு திறந்து கஞ்சி. உம்மா என் கோப்பையை மூன்று தரம் நிரப்பினார்.

கடிதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவர்தான் தொடங்கினார்.

"சம்பளத்துக்காக எண்டு எல்லாரும் நினைக்கிறாங்க மெடம். வரிய 36 வீதம் வரைக்கும் கூட்டினதும் வலிச்சதுதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா எனக்கு ரொஸ்டர்தான். அஞ்சு பேர் செஞ்ச வேலைய மூணு பேர் செய்றம். ரெண்டு பேர் போனதால நான் போறன். நான் போனா மிச்சம் ரெண்டு பேரும் போவாங்க."

எவ்வளவு பெரிய சஞ்சிகையிலும் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதி நான் படிக்கவில்லை. 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்த வருடம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலைக்கு வெளிநாடு போனார்கள். நான் அந்த ஏப்ரலில்தான் இங்கிலாந்தில் ஒரு வருடப் பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். விமான நிலையத்தில் வாகனம் பிடித்தால் பெற்றோல் இல்லை. என் வகுப்புத் தோழர்கள் குழுவில் எனக்கு ஒரு பட்டப் பெயர் வைத்தார்கள், இங்கே எழுத முடியாது.

ஏன் வந்தாய் என்று இன்னும் கேட்கிறார்கள். தியாகம் ஒன்றும் இல்லை. அங்கே ஓர் இரவு, நோயாளிகளை நான்கு மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு எழுதிய பலகைக்குக் கீழே, ஒன்பது மணித்தியாலமாகக் காத்திருந்த ஒரு கிழவர் என்னிடம் கோபமாகச் சொன்னார், வெளிநாட்டுக்காரர் வந்துதான் வரிசை இவ்வளவு நீண்டுவிட்டது என்று. அவருக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தவர் கேரளத்துத் தாதி. எக்ஸ்ரே பார்த்தவர் சூடான் டொக்டர். நான் மூன்றாவது ஆள். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது: இந்த மூன்று பேரும் இல்லாத மூன்று வாட்டுகள் இப்போது எப்படி இருக்கும்?

ஆகவே குடிபெயர்வு பற்றிய என் கருத்து இரண்டு பக்கத்தாருக்கும் பிடிப்பதில்லை. போகிறவனைத் துரோகி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'நாட்டுக்காசில் படித்தவன்' என்று சொல்கிற அமைச்சர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பாருங்கள். அதே நேரம், இலவசமாகப் படிப்பித்த டொக்டரை ஒரு பணக்கார நாடு ஒரு சதமும் கொடுக்காமல் எடுத்துக்கொள்வதைத் திறமைக்குக் கிடைத்த வாய்ப்பு என்று மட்டும் சொல்லவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் இதற்கென்று ஒரு நடத்தைக் கோவை கொண்டுவந்தது. ஆட்பற்றாக்குறையால் பாதுகாப்புத் தேவைப்படும் நாடுகள் என்று 2023இல் 55 நாடுகளைப் பட்டியலிட்டது. இலங்கை அதில் இல்லை. கொழும்பையும் இந்தக் கரையையும் கூட்டி இரண்டால் பிரித்தால் நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம்.

கடிதத்தை இன்றும் எழுதவில்லை.

நான்காம் நாள். மார்ச் 5, புதன்

காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். ஒரே வீதி, ஒரு பக்கம் கடல். நேற்றைய கஞ்சியில் இன்னும் வயிறு நிறைந்திருக்கிறது, ஆகவே சாப்பாட்டுக் குறிப்பு இல்லை.

காரைதீவில் மாவடிப்பள்ளிக்குத் திரும்பும் வீதியில் கொஞ்ச நேரம் நின்றேன். போன நவம்பர் வெள்ளத்தில் மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் இங்கேதான் புரண்டது. இப்போது தண்ணீர் இல்லை, இருபுறமும் அறுத்த வயல், கொக்குகள். இங்கே தண்ணீர் எதைச் செய்யும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. 2004 சுனாமியில் இலங்கையிலேயே கூடுதலாக ஆட்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கு மேல். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பின்னாளில் அவசர மருத்துவம் படிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது: சுனாமியில் இறந்தவர்களோடு ஒப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்த பெருங்காயக்காரர் குறைவு. கடல் எடுத்துக்கொண்டது, அல்லது விட்டுவிட்டது. எங்கள் துறைக்கு நடுவில் பெரிதாக வேலை வைக்கவில்லை.

அக்கரைப்பற்றில் விவசாய மருந்துக் கடை ஒன்றுக்குள் ஏறினேன். இது என் பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் கோயிலுக்கு முன் அந்தக் கடைக்குப் போவேன். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட, என்ன இல்லை என்று பார்ப்பதில் ஒரு திருப்தி. பரகுவாட் இல்லை. டைமெதோயேற் இல்லை. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்று உலகத்தின் உச்சியில் இருந்த எங்கள் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் 70 வீதமளவு குறைந்தது. அதில் பெரும் பங்கு, 1995இலும் பிறகு 2008 தொடங்கி 2011 வரையும் மிகக் கொடிய பூச்சி, களைக் கொல்லிகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து எடுத்த வர்த்தமானி அறிவித்தல்களுக்கு உரியது. ஒரு கோபத்தில், ஒரு கண நேர முடிவில் போத்தலை எடுத்தவர்கள் பலர் இன்று பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் நான் காப்பாற்றியவர்களைக் கூட்டினால் ஒரு பஸ் நிறையும். ஒரு அதிகாரி போட்ட கையெழுத்து காப்பாற்றியவர்களுக்கு ஒரு ஊர் போதாது. அரசியலில் உங்களுக்கு என்ன வேலை, டொக்டர்தானே என்று கேட்பவர்களை நான் இந்தக் கடைக்குக் கூட்டிவர விரும்புகிறேன்.

கடைக்காரர் நான் எதுவும் வாங்காமல் தட்டுகளைப் படமெடுப்பதைப் பார்த்துவிட்டு, "சுங்கமா?" என்று கேட்டார்.

பொத்துவிலில் அலைச் சறுக்கு சீசன் இல்லை. அறுகம்பை வெறிச்சோடிக் கிடந்தது. இங்கே மண்டை உடைந்தால் கணக்கு இப்படி: மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கு மேல். நல்ல வீதிதான், முன்பு போல இல்லை. ஆனாலும் ஒரு அம்புலன்ஸ், ஒரு டொக்டர், ஒரு மிஸ் அரை நாள் இல்லாமல் போவார்கள். மூன்று பேர் ரொஸ்டரில் ஒருவர் போனால் என்ன மிஞ்சும் என்று நேற்றே எழுதிவிட்டேன்.

மாலையில் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு காக்காவுடன் (இங்கே முஸ்லிம் மூத்தவர்களை அப்படித்தான் அழைப்போம்) பேச்சு. படகில் அவுஸ்திரேலியா போகப் புறப்பட்டவர்களை அவருக்குத் தெரியும், திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் தெரியும். 2022 நவம்பரில் வியட்நாமுக்கு அப்பால் மூழ்கவிருந்த கப்பலிலிருந்து காப்பாற்றிய முன்னூற்றுச் சொச்சம் இலங்கையர் கதை வந்தது.

"கடல் எங்களுக்குத் தெரியும் மகள். தெரிஞ்சுதான் ஏறுறாங்க."

நான் கேள்வியை மடித்து வைத்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகம் கையில் இருந்தால் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றில்லை.

ஐந்தாம் நாள். மார்ச் 6, வியாழன்

அம்பாறை நகரம். ஈ.டி.யூ. பொறுப்புத் தாதி சிங்களவர், தமிழ் என்னைவிட வேகமாகப் பேசுகிறார். அவருடைய பாட்டன் கேகாலையிலிருந்து கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் வந்தவர். 1949இல் டி. எஸ். சேனாநாயக்கா காலத்தில் தொடங்கிய திட்டம் அது; இந்த மாவட்டத்தையே 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்தார்கள். எங்கள் வீடுகளில் 'குடியேற்றம்' என்ற சொல்லைச் சொன்னால் குரல் மாறும். அந்தச் சொல்லின் மறுமுனையில் ஒரு பெண், நேரத்தை நிமிடத்துக்கு நிமிடம் சரியாக எழுதிய 31 படிவங்களை என் முன்னால் வைத்துவிட்டு, மகன் கொரியாவில் என்று போனில் படம் காட்டினார். பனியில் நிற்கிறான், ஜக்கெட் பெரிதாக இருக்கிறது. பாட்டனுக்குக் காணி கிடைத்தது, பேரனுக்கு விசா கிடைத்தது. 1956இல் இந்தப் பக்கம் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தை நான் மறக்கவில்லை. அவர் தந்த பிளேன்டீயையும் குடித்தேன்.

நகரத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினேன். 'உதவிக்குக் கூப்பிட்ட நேரம்' என்ற கட்டத்தை மூன்றாக உடைத்தேன். முதல் அழைப்பு யாருக்குப் போனது, அவர் அப்போது எந்த ஊரில் இருந்தார், கடைசியில் யார் வந்தார். எழுதிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினேன். திருத்திய படிவத்துக்கு மறுபடி நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும்.

பிறகு அதே மேசையில், அதே மடிக்கணினியில், கடிதம். அவர்கள் அனுப்பியிருந்த வினாக்கொத்தில் பாதி சுலபம். எவ்வளவு காலமாகத் தெரியும்: இரண்டு வருடம் இரண்டு மாதம். நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார்: இதற்கு அரைப் பக்கம் எழுதினேன், இன்னும் எழுதியிருக்கலாம். இவரை மீண்டும் உங்கள் பிரிவில் வேலைக்கு எடுப்பீர்களா? இந்தக் கேள்விக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தேன். கடைக்காரத் தம்பி மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

ஆம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவர் அழைத்தார். நன்றியெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "மெடம், திருத்தின படிவம் எப்ப வரும்?" என்றார்.

"கமிட்டி ஆறு மாசமாவது எடுப்பாங்க."

"நான் நாலு மாசம்தான் இருப்பன்."

மட்டக்களப்பு பஸ் வந்துவிட்டது. படிவப் பையைத் தூக்கி மேலே போட வேண்டியிருந்தது, பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன்.